வசந்தத்தில் வீடு விற்க ஸ்ரேஜிங்: எதற்குக் காசு கொடுக்கலாம், எதை நீங்களே செய்யலாம்

ஸ்ரேஜிங் என்பது விற்கப் போகும் வீட்டை, பார்க்க வருபவருக்குப் பிடிக்கும்படி ஒழுங்கு செய்து அலங்கரிப்பது. அந்த ஒரே பெயரில் ரொறொன்ரோப் பக்கம் நாலு வேறு சேவைகள் விற்கப்படுகின்றன. ஒருவர் வந்து வீட்டைச் சுற்றிப் பார்த்து, எதை அகற்ற வேண்டும், எங்கே பெயின்ற் அடிக்க வேண்டும், எதை நகர்த்த வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போவது ஒன்று. குடியிருக்கும் வீட்டில் உங்கள் தளபாடங்களையே இடம் மாற்றி, குறைகிற இடத்துக்கு விளக்கு, படம், கம்பளம், தலையணை கொண்டுவந்து நிரப்புவது இரண்டாவது. வெறும் வீட்டை முழுக்க வாடகைத் தளபாடத்தால் நிறைப்பது மூன்றாவது. கணினியில் படத்துக்குள் சோபாவை வரைவது நாலாவது. முதலாவதற்குச் சில நூறு டொலர், மூன்றாவதற்குச் சில ஆயிரம் டொலர், இரண்டாவது இந்த இரண்டுக்கும் நடுவில். நாலாவதற்குப் படமொன்றுக்கு இவ்வளவு என்று கணக்கு. எல்லாவற்றுக்கும் மேலே 13 சதவீத எச்எஸ்ரி விற்பனை வரி.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஆட்கள் குடியிருக்கிற வீட்டுக்கு முதலாவதுதான் கொடுத்த காசுக்கு அதிகம் திருப்பித் தருவது. எழுதிக் கொடுத்ததை ஒன்றுவிடாமல் செய்கிற பொறுமை மட்டும் வேண்டும். வெறும் வீட்டுக்கு மூன்றாவது தேவை. இரண்டாவது, செய்பவரின் கையைப் பொறுத்தது. நாலாவதை மட்டும் நம்பி வீட்டைச் சந்தைக்கு விடுவது பிழை. ஏன் என்று பின்னால் வருகிறது.

ஒன்ராறியோவில் இந்தத் தொழிலுக்கு அரசாங்க உரிமம் எதுவும் இல்லை. வீட்டு ஏஜன்ற் பதிவு செய்திருக்க வேண்டும், ஸ்ரேஜிங் செய்பவர் செய்திருக்கத் தேவையில்லை. அவர் காட்டும் சான்றிதழ் தனியார் வகுப்பொன்றில் பெற்றதாக இருக்கும். அதனால் சான்றிதழை விட, உங்கள் வீட்டின் அளவுக்குக் கிட்ட வருகிற மூன்று வீடுகளின் முன்னும் பின்னும் எடுத்த படங்களைக் கேட்பது நல்லது. மாளிகைப் படங்களை மட்டும் காட்டுபவருக்கு 1,400 சதுர அடி ரவுன்ஹவுசின் ஒடுக்கமான வரவேற்பறையில் என்ன செய்வதென்று கை வராமல் போகலாம்.

மார்ச் வெளிச்சம்

வசந்த விற்பனைக்கென்று தனியாக ஒரு சிக்கல் இருக்கிறது. மார்ச் 20ஆம் திகதி வாக்கில் ரொறொன்ரோவில் நண்பகல் வெயில்கூட ஏறத்தாழ 46 பாகை உயரத்தில்தான் நிற்கும். மரங்களில் இலை இல்லை. சாய்ந்த வெயில் தெற்கு யன்னலால் புகுந்து அறையின் நடுப்பகுதி வரை விழும். இலையுதிர்காலத்தில் தெரியாத கைரேகை, கண்ணாடியில் உப்புப் படலம், சுவரில் பழைய பெயின்றின் மேல் தட்டிய புதுப் பெயின்றின் திட்டு, எல்லாவற்றையும் அந்த வெளிச்சம் காட்டிக் கொடுக்கும். மார்ச் இரண்டாம் ஞாயிறு மணிக்கூட்டை முன்னே தள்ளியபின், வேலை முடிந்து மாலை ஆறு மணிக்கு வருபவரும் வெளிச்சத்திலேயே வீட்டைப் பார்ப்பார். யன்னல் கழுவுவதைக் கடைசிக்கு ஒத்திப்போடுபவர்கள் அதிகம். உள்ளும் புறமும் கழுவி, பூச்சி வலையைக் கழற்றிப் பேஸ்மென்றில் பெயர் எழுதி அடுக்கி வைத்தால் அறைக்குள் வரும் வெளிச்சம் கண்ணுக்குத் தெரிகிற அளவு கூடும். வலைகளை எறிந்துவிட வேண்டாம், வாங்குபவர் கேட்பார்.

வாசல் ஓட்டில் வெள்ளையாகப் படிந்திருப்பது வீதி உப்பு. வெந்நீரில் கொஞ்சம் வெள்ளை வினாகிரி கலந்து துடைத்தால் போய்விடும். மார்பிள், சுண்ணக்கல் ஓட்டில் வினாகிரி பட்டால் பளபளப்பு அரித்துப்போகும், அங்கே வெறும் சவர்க்காரத் தண்ணீர் போதும். மரத் தரையென்றால் துணியை நன்றாகப் பிழிந்தபின் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். பலகைகளின் இடுக்கில் தண்ணீர் நின்றால் ஓரம் ஊதி மேலே எழும்.

பனி உருகும் நாட்களில் பேஸ்மென்றுக்குள் ஈரம் வருகிறதா என்பதை ஸ்ரேஜிங் ஆளைக் கூப்பிடுவதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும். பேஸ்மென்றில் ஊறும் தண்ணீரை வெளியே தள்ளும் சம்ப் பம்பின் குழிக்குள் ஒரு வாளி தண்ணீர் ஊற்றினால் மிதவை எழும்பிப் பம்ப் தானாக ஓட வேண்டும். கூரைப் பீலிகளில் இலைச் சருகு அடைத்திருந்தால் உருகிய தண்ணீர் வழிந்து அத்திவாரத்தோரம்தான் விழும். பீலிக் குழாயின் வாய் சுவரிலிருந்து குறைந்தது ஆறு அடி தள்ளிப் போகும்படி நீட்டுக் குழாய் போடுங்கள். இது வன்பொருள் கடையில் மலிவாகக் கிடைக்கும் பிளாஸ்ரிக் சாமான். ஆனால் வீட்டுப் பரிசோதகர் முதலில் பார்க்கும் இடங்களில் இதுவும் ஒன்று.

கூரைத் தட்டில் மஞ்சள் வட்டம் இருந்தால் சாதாரண பெயின்றை மூன்று முறை அடித்தாலும் அது திரும்ப மேலே வரும். தண்ணீரோடு வந்த கறை நீர் கலந்த பெயின்றில் மறுபடி கரைந்து ஊறுவதுதான் காரணம். சின்சர் நிறுவனத்தின் 'பி-ஐ-என்' (B-I-N) போன்ற, கறையை அடைத்து நிறுத்தும் ஷெல்லாக் பிரைமர் (அடிப்பூச்சு) ஒரு பூச்சு அடித்து, முக்கால் மணி நேரம் காயவிட்டு, அதன்மேல் சீலிங் பெயின்ற் அடிக்க வேண்டும். அதற்கு முன் ஒழுக்கை அடைத்திருக்க வேண்டும். ஒழுக்கு அப்படியே இருக்கக் கறையை மட்டும் மூடினால், தெரிந்தே மறைத்த குறை என்று விற்பனைக்குப் பிறகு வழக்கு வரலாம். எந்த ஸ்ரேஜிங் ஆளாவது அந்த இடத்துக்கு நேரே ஒரு பெரிய செடியை வைத்து மறைக்கலாம் என்று யோசனை சொன்னால் அவரை அனுப்பிவிடுங்கள்.

குசினி வாசம்

எங்கள் ஆட்களின் வீடுகளுக்கு ஸ்ரேஜிங் ஆலோசகர் எழுதிக் கொடுக்கும் தாளில் மிகவும் நாசூக்காகச் சொல்லப்படுவதும், பெரும்பாலும் அரைகுறையாகச் செய்யப்படுவதும் இதுதான். தாளிதமும் பொரியலும் நல்ல வாசம்தான், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் வீடு பார்க்க வருபவர் வாசலில் நின்று முகர்வது இன்றைய கறியை அல்ல. பத்து வருட எண்ணெய் ஆவி சுவரிலும் துணியிலும் ஒட்டிப் பழசாகிப்போன நெடி அது. வாசத்தை மேலும் ஒரு வாசத்தால் மூட முடியாது. செருகி வைக்கும் வாசனைத் திரவம், சாம்பிராணி, ஊதுபத்தி எல்லாம் சந்தேகத்தைத்தான் கிளப்பும். ஒட்டியிருக்கும் எண்ணெயை எடுத்தால்தான் நெடி போகும்.

அடுப்புக்கு மேலே இருக்கும் புகைபோக்கியில் தொடங்குங்கள். வலை வடிகட்டியைக் கழற்றி, தொட்டியில் கொதிநீர், பாத்திரம் கழுவும் திரவம், கால் கோப்பை பேக்கிங் சோடா போட்டு இருபது நிமிடம் ஊறவிட்டுத் தூரிகையால் தேய்த்தால் போதும். பெரும்பாலான வலை அலுமினியம் என்பதால் சலவைச் சோடா போட்டாலோ டிஷ்வோஷரில் வைத்தாலோ கறுத்துவிடும். ரவுன்ஹவுசிலும் கொண்டோவிலும் அடுப்புக்கு மேலே மைக்ரோவேவ் இருக்கும். அதில் பல வெளியே புகை விடாமல் காற்றைச் சுற்றிச் சுற்றி உள்ளேயே விடுபவை. அதற்குள் கரி வடிகட்டி ஒன்று உண்டு, அதைக் கழுவ முடியாது, மாற்றத்தான் வேண்டும். வீடு வாங்கிய நாளிலிருந்து மாற்றாத வடிகட்டிகள்தான் அதிகம்.

அடுத்தது அலுமாரிகளின் மேற்புறம். சீலிங்குக்கும் குசினி அலுமாரிக்கும் நடுவில் இருக்கும் அந்த இடைவெளியில் எண்ணெயும் தூசியும் சேர்ந்து பிசின் மாதிரிப் படிந்திருக்கும். எண்ணெய் நீக்கியைத் தெளித்து, பத்து நிமிடம் விட்டு, பிளாஸ்ரிக் தகட்டால் சுரண்டி எடுத்து, நல்ல தண்ணீரால் இரண்டு முறை துடைக்க வேண்டும். அலுமாரிக் கதவுக்குப் பெயின்ற் அடிக்கப் போகிறவர்கள் இந்தப் படியைத் தாண்டிப்போவதால்தான் மூன்றாம் மாதம் கைபிடியைச் சுற்றிப் பெயின்ற் தோலாக உரிகிறது. எண்ணெய்ப் பிசுக்கில் எந்தப் பிரைமரும் பிடிக்காது.

அடுப்புக்கு அருகில் உள்ள சுவரையும் சீலிங்கையும் கழுவிய பிறகும் நெடி நின்றால் ஷெல்லாக் பிரைமர்தான் வழி. 3.78 லீற்றர் வாளி ஏறத்தாழ 350 முதல் 400 சதுர அடி வரை வரும். அடிக்கும்போது ஸ்பிரிட் நெடி கடுமையாக இருக்கும், யன்னலைத் திறந்து வைத்து, அடுப்பு எரிகிற நெருப்பு எல்லாவற்றையும் அணைத்துவிட்டு அடிக்க வேண்டும். சீலிங் சோளப்பொரி மாதிரிச் சொரசொரப்பாக இருந்து, வீடு 1990க்கு முன் கட்டியதாக இருந்தால் சுரண்டவே கூடாது. அஸ்பெஸ்ரஸ் இருக்கிறதா என்று மாதிரி எடுத்துச் சோதித்தபின்தான் கை வைக்கலாம்.

துணிகளைப் பலர் மறந்துவிடுவார்கள். திரைச்சீலை, சோபா உறை, மெத்தை விரிப்பு எல்லாம் ஒரே வாரத்தில் தோய்க்கப்பட வேண்டும். எல்லாவற்றையும் விட முக்கியம் வாசலில் இருக்கும் கோட் அலுமாரி. மாரிக்கால ஜக்கெற்றுகள் ஐந்து மாதப் பொரியல் வாசத்தை உறிஞ்சி வைத்திருக்கும். வருபவர் உள்ளே காலெடுத்து வைத்ததும் திறக்கும் முதல் கதவு அதுதான். கோட்டுகளை உலர்சலவைக்குக் கொடுத்து அப்படியே சேமிப்பறைக்கு அனுப்பிவிடுங்கள், அலுமாரியில் நாலைந்து மட்டும் தொங்கட்டும். பேஸ்மென்ற் கம்பளத்தைச் சுடுநீர் உறிஞ்சு முறையில் கழுவினால் மேல் நார் சுத்தமாகும், அடியில் உள்ள பஞ்சுத்தாள் நெடி பிடித்திருந்தால் அது போகாது. கழுவியபின் ஈரமுறிஞ்சி இயந்திரம் ஒரு நாள் முழுக்க ஓட வேண்டும். இல்லாவிட்டால் கறி வாசம் போய்ப் பூஞ்சண வாசம் வரும்.

ஃபர்னஸ் வடிகட்டியை மாற்றுங்கள், வடிகட்டும் நுண்மையைக் காட்டும் மெர்வ் எண் 8 அல்லது 11 போதும். அதற்கு மேலான அடர்த்தி பழைய ஃபர்னஸின் காற்றோட்டத்தைக் குறைக்கும். அளவு பழைய வடிகட்டியின் ஓரத்திலேயே அச்சிட்டிருக்கும். ஓசோன் இயந்திரம் வாடகைக்கு எடுத்து வைத்தால் எல்லா நெடியும் போய்விடும் என்று சொல்லும் நிறுவனங்களும் உண்டு. ஆள் இருக்கும் வீட்டில் ஓசோன் நுரையீரலுக்குக் கேடு, இறப்பர் சாமான்களிலும் வெடிப்பு விழச் செய்யும். எண்ணெய்ப் படலம் அப்படியே இருக்க, நெடியும் திரும்பி வரும். நாங்கள் பரிந்துரைக்கவில்லை.

வீடு சந்தையில் இருக்கும் அந்த ஒரு வாரத்துக்குக் கருவாடும் பொரியலும் வேண்டாம். கராஜுக்குள் காஸ் அடுப்பை வைத்துத் தாளிக்கும் வழக்கம் இங்கே பரவலாக இருக்கிறது. கராஜையும் திறந்து பார்ப்பார்கள், அங்கேயும் வாசம் நிற்கும். கதவு மூடிய கராஜில் கார்பன் மொனொக்சைட் வீட்டுக்குள் வரும் ஆபத்து வேறு. அவித்ததும் வாங்கிச் சாப்பிட்டதுமாக ஒரு வாரத்தைக் கடத்துவது நல்லது.

குவார்ட்ஸ் மேடையிலோ லமினேற் மேடையிலோ மஞ்சள் கறை இருந்தால் 3 சதவீத ஹைட்ரஜன் பெரொக்சைட்டில் பேக்கிங் சோடாவைக் குழைத்துப் பூசி, பிளாஸ்ரிக் தாளால் மூடி இரவு முழுக்க விடுங்கள். முதலில் தெரியாத மூலையில் சோதித்துப் பாருங்கள். மஞ்சளின் நிறம் வெயிலில் தானாகவே வெளுக்கும் என்பதால் யன்னலோரம் கறை நிற்காது. கறை நிற்பது அடுப்புப் பக்கம்தான்.

சாமி அறையைப் பற்றிக் கொஞ்சம். நாலு படுக்கையறை வீடு என்று விளம்பரம் செய்துவிட்டு, ஓர் அறையில் சாமிப் படங்கள் மட்டும் இருந்தால் பார்ப்பவர் மூன்று என்றுதான் எண்ணுவார். அந்த அறையில் ஒரு கட்டிலாவது மேசையாவது இருக்க வேண்டும். படங்களைப் பத்திரமாகப் பொதி செய்து, தினமும் கும்பிட ஒரு சிறிய படத்தை அலுமாரிக்குள் வைத்துக்கொள்ளலாம். விளக்குப் புகைக்கரி சுவரில் இருந்தால் ஈரத்துணி படவே கூடாது. தண்ணீர் பட்டால் கரி சுவருக்குள் இழுபட்டுச் சாம்பல் நிறத் தீற்றலாகிவிடும். கரி எடுப்பதற்கென்றே உலர் இறப்பர் பஞ்சு கடையில் கிடைக்கும். அதை ஒரே திசையில் மேலிருந்து கீழே இழுத்து, அழுக்கான பக்கத்தை வெட்டி எறிந்து எறிந்து துடைக்க வேண்டும். பிறகு பிரைமர். நிலைப்படியில் உள்ள மஞ்சள் குங்குமக் கறைக்கும் அதே பிரைமர்தான், வெள்ளைப் பெயின்றை நேராக அடித்தால் இளஞ்சிவப்பாக ஊறி வரும்.

நிறமும் விளக்கும்

ஆலோசகர்கள் சொல்லும் பெயின்ற் நிறங்கள் ஒரு பத்துக்குள் அடங்கும். பெஞ்சமின் மூரில் கிளவுட் வைற் ஓசி-130, கிளாசிக் கிரே ஓசி-23, எட்ஜ்கோம் கிரே எச்சி-173, ஷேர்வின் வில்லியம்சில் அக்ரீயபிள் கிரே 7029. இவற்றில் எதை எடுத்தாலும் குறையில்லை. வடக்குப் பார்த்த அறைக்கு மட்டும் நீலம் கலந்த சாம்பல் வேண்டாம், மார்ச்சில் அது குளிர்சாதனப் பெட்டிக்குள் நிற்பது போல இருக்கும். சுவருக்கு எக்ஷெல் பளபளப்பு, சீலிங்குக்கு மங்கல், பேஸ்போர்ட்டுக்கும் கதவுக்கும் செமிகிளாஸ். ஆணி ஓட்டையை அடைத்த இடத்தில் பிரைமர் போடாமல் பெயின்ற் அடித்தால் அந்த இடம் மட்டும் மங்கித் தெரியும். பழைய வாளியில் மிச்சமிருக்கும் பெயின்றால் திட்டுத் திட்டாகத் தட்டுவதும் உதவாது. சுவர் நிறம் வருடங்களில் மாறியிருக்கும், மூலையிலிருந்து மூலை வரை முழுச் சுவரையும் அடிக்க வேண்டும்.

பேஸ்போர்ட் இடுக்கை நிரப்பப் பெயின்ற் ஏற்கும் அக்ரிலிக் கோக்கிங் வேண்டும். சிலிக்கோன் அடித்துவிட்டால் அதன்மேல் பெயின்ற் முத்து முத்தாக உருண்டு நிற்கும், சுரண்டி எடுப்பதைத் தவிர வேறு வழியில்லை. குளியல் தொட்டி ஓரத்துக்கு மாறாக நூறு வீத சிலிக்கோன்தான். கறுத்த பழையதை முழுக்க வெட்டி எடுத்து, ஸ்பிரிட்டால் துடைத்து, காய்ந்தபின் அடித்து, 24 மணி நேரம் தண்ணீர் படாமல் விட வேண்டும். பழையதன்மேல் புதியதை இழுத்தால் ஒட்டாது.

விளக்குகளில் பிழை செய்யாத வீடு அரிது. ஒரே அறையில் மஞ்சள் பல்பும் நீலவெள்ளைப் பல்பும் கலந்திருந்தால் படத்தில் ஒரு சுவர் செம்மஞ்சளாகவும் மற்றது நீலமாகவும் விழும், படம் எடுப்பவராலும் சரிசெய்ய முடியாது. வீடு முழுக்க ஒரே வகை, 2700 அல்லது 3000 கெல்வின் (வெளிச்சத்தின் நிறத்தைக் காட்டும் அளவு), சிஆர்ஐ (நிறங்களை உள்ளபடி காட்டும் திறன்) 90 என்று அச்சிட்ட எல்ஈடி வாங்குங்கள். பழைய 60 வாட்டுக்கு ஈடு 800 லூமன். குசினியையும் பேஸ்மென்றையும் 'டேலைற்' என்று எழுதிய 5000 கெல்வின் பல்பால் வெளிச்சமாக்கப் பார்ப்பது கடைக்கு ஒத்துவரும், வீட்டுக்கு ஒத்துவராது.

வாடகைத் தளபாடம்

வெறும் அறை ஏன் சின்னதாகத் தெரிகிறது என்றால் கண்ணுக்கு அளவுகோல் இல்லை. ஓர் இரட்டைக் கட்டில் கிடந்தால் அறையின் அளவு புரிந்துவிடும். மூன்றாவது சேவைக்குக் கொடுக்கும் காசு இதற்குத்தான். எல்லா அறைக்கும் எடுக்கத் தேவையில்லை. வரவேற்பறை, சாப்பாட்டு இடம், பெரிய படுக்கையறை மூன்றையும் நிரப்பி, இன்னும் ஓர் அறையில் மேசை கதிரை போட்டால் போதும். விலைப்பட்டியலில் மூன்றாவது, நாலாவது படுக்கையறையை வெட்டிவிட்டுப் பேரம் பேசலாம், பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

நல்ல கை, மோசமான கை என்பதை அளவுகளில் கண்டுபிடிக்கலாம். சோபாவுக்கு முன்னே விரிக்கும் கம்பளம் 8க்கு 10 அடி இருந்து, சோபாவின் முன்கால்களாவது அதன்மேல் நிற்க வேண்டும். 5க்கு 7 அடிக் கம்பளம் நடுவில் தீவு மாதிரிக் கிடந்தால் கையிருப்பு இல்லாதவர் என்று அர்த்தம். சுவர்ப் படத்தின் நடுப்புள்ளி தரையிலிருந்து 57 அங்குலம். சோபாவுக்கு மேலே தொங்கும் படத்துக்கும் சோபா முதுகுக்கும் இடையில் 6 முதல் 8 அங்குலம். சிறுமேசைக்கும் சோபாவுக்கும் 16 முதல் 18 அங்குலம். ஆள் நடக்கும் வழிக்குக் குறைந்தது 30 அங்குலம் விட வேண்டும், யாரும் வந்து பார்க்கலாம் என்று வீட்டைத் திறந்து வைக்கும் ஓப்பன் ஹவுஸ் அன்று மூன்று குடும்பம் ஒரே நேரத்தில் நுழையும். சாப்பாட்டு மேசைக்கு மேலே தொங்கும் விளக்கின் அடி மேசையிலிருந்து 30 முதல் 36 அங்குலம். மேசையை நகர்த்திவிட்டு விளக்கைப் பழைய இடத்திலேயே விட்டுவிடுவது அடிக்கடி நடக்கும் கூத்து.

ஒரு தொழில் இரகசியம்: ஸ்ரேஜிங் கட்டில்கள் பலவற்றில் மெத்தைக்கு அடியில் மடக்கும் அட்டைப்பெட்டியோ காற்றடைத்த மெத்தையோதான் இருக்கும். யாராவது பிள்ளை ஏறிக் குதித்தால் முடிந்தது கதை. காற்று மெத்தை என்றால் இரண்டு நாளுக்கொருமுறை ஏஜன்ற் காற்றடிக்க வேண்டும், இல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை கட்டில் நடுவில் குழிந்துபோய்க் கிடக்கும்.

குடியிருக்கும் வீட்டில் வேலை மறுபக்கமாக ஓடும்: குறைப்பது. தளபாடத்தில் மூன்றில் ஒரு பங்கு போக வேண்டும். பெரிய எல் வடிவ லெதர் சோபாவைப் பிரித்து ஒரு துண்டைச் சேமிப்பறைக்கு அனுப்புங்கள். 10க்கு 10 அடி சேமிப்பறை ஒரு சராசரிக் குடும்பத்தின் மேலதிகச் சாமான்களுக்குப் போதும், மார்ச் தொடங்க முன்னரே பிடித்துவிடுங்கள். அலுமாரிகள் பாதி வெறுமையாக இருக்கட்டும். குசினி மேடையில் மூன்று பொருள்களுக்கு மேல் வேண்டாம். கிரைண்டர், அரிசி மூட்டை, பிரஷர் குக்கர் வரிசை, வாசலில் குவியும் சப்பாத்து, சுவர் நிறைந்த கலியாண அல்பம் எல்லாம் போக வேண்டும். இவ்வளவும் ஆலோசகர் எழுதிக் கொடுக்கும் தாளின் சாரம்தான். அவருடைய பெறுமதி இதைச் சொல்வதில் இல்லை. எந்த மூன்றில் ஒரு பங்கு என்று கைகாட்டுவதில் இருக்கிறது. வீட்டுக்காரருக்கு அது கடைசி வரை தெரிவதில்லை.

கணினி ஸ்ரேஜிங்கில் படம் அழகாக வரும், ஆட்களும் வருவார்கள். வந்து வெறும் அறையைக் கண்டதும் முகம் விழுந்துவிடும். வரைபவர் அளவைக் கவனிக்காமல் 9 அடி அறைக்குள் கிங் கட்டிலைப் போட்டிருந்தால் ஏமாற்றம் இரட்டிப்பாகும். தளபாடத்தை வரைவதோடு நிற்காமல் சுவர் வெடிப்பையும் முற்றத்து மின்கம்பியையும் அழித்தால் அது பொய் விளம்பரம், ஏஜன்ற் மாட்டிக்கொள்வார். பயன்படுத்தத்தான் வேண்டுமென்றால் கணினியில் அலங்கரித்தது என்று படத்திலேயே எழுதி, அதே அறையின் வெறும் படத்தையும் பக்கத்தில் போட வேண்டும். கைக்கடக்கமான செலவில் கொண்டோ விற்பவர்கள், அலங்கரித்த படத்தை அச்சிட்டு அந்தந்த அறையில் ஒரு சட்டத்தில் நிறுத்தி வைக்கலாம், அது ஓரளவு வேலை செய்யும்.

ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டியது

தளபாட வாடகைக் காலம் எத்தனை நாள், அது முடிந்தபின் மாதத்துக்கு எவ்வளவு, எடுத்துக்கொண்டு போகும் நாளை யார் தீர்மானிப்பது என்பதை எழுத்தில் வாங்குங்கள். சுவரில் அடித்த ஆணி ஓட்டைகளை அடைப்பது யார் பொறுப்பு? தளபாடத்துக்குச் சேதம் வந்தால் கட்டுவது யார்? பெரும்பாலான ஒப்பந்தங்களில் அது வீட்டுக்காரர் தலையில்தான். இங்கே இன்னொரு பொறி: வீடு 30 நாளுக்கு மேல் ஆளில்லாமல் இருந்தால் வீட்டுக் காப்புறுதியின் பல பாதுகாப்புகள் நின்றுபோகும். சோபாவும் கட்டிலும் கிடப்பதால் வீடு குடியிருப்பதாகக் கணக்கில் வராது. காப்புறுதி நிறுவனத்துக்கு முன்கூட்டியே அறிவித்து, ஆளில்லா வீட்டுக்கான இணைப்பை வாங்க வேண்டும். வெறும் வீட்டிலும் ஹீற்றரை 20 பாகையில் விடுங்கள், ஏப்ரல் தொடக்கத்தில் குளிர்ந்த வீட்டைப் பார்ப்பவர்கள் கோட்டைக் கழற்றாமலே திரும்பிப் போவார்கள்.

கொண்டோ என்றால் லிஃப்ற் பதிவு செய்வது தனிச் சடங்கு. பல கட்டடங்களில் வைப்புப் பணமும் தளபாடக்காரரின் காப்புறுதிச் சான்றிதழும் கேட்பார்கள், வார இறுதியில் சாமான் ஏற்ற விடமாட்டார்கள். ஏப்ரல், மே மாதங்களில் லிஃப்ற் கிடைக்காமல் படம் எடுக்கும் நாளே தள்ளிப்போவதுண்டு.

ஏஜன்ற் 'ஸ்ரேஜிங் இலவசம்' என்றால் எது இலவசம் என்று கேளுங்கள். சிலர் ஆலோசனையை மட்டும் சொல்வார்கள், சிலர் தங்கள் கராஜில் கிடக்கும் அதே மூன்று தலையணையையும் அதே பிளாஸ்ரிக் ஓர்க்கிட்டையும் வீடு வீடாகக் கொண்டு திரிவார்கள். உண்மையிலேயே முழுச் செலவையும் ஏற்பவர்களும் உண்டு. வீடு விற்காமல் ஒப்பந்தத்தை முறித்தால் அந்தச் செலவைத் திருப்பிக் கட்ட வேண்டும் என்ற வரி சில ஒப்பந்தங்களில் பின்பக்கத்தில் இருக்கும்.

சுவரில் திருகிய கண்ணாடி, தொங்கு விளக்கு, திரைச்சீலைக் கம்பி, ரிவி தாங்கி எல்லாம் வீட்டோடு சேர்ந்த பொருளாகக் கருதப்படும். ஸ்ரேஜிங் நிறுவனம் கொண்டுவந்து மாட்டிய கண்ணாடியை வாங்குபவர் தனக்கு என்று நினைத்துக் கையெழுத்து வைத்தால் பிரச்சினை உங்களுக்கு. விற்பனை ஒப்பந்தத்தின் விலக்குப் பட்டியலில் ஒவ்வொன்றாக எழுதுங்கள். நீங்கள் எடுத்துக்கொண்டு போக விரும்பும் விளக்கை வீடு சந்தைக்கு வரமுன்பே கழற்றி வேறொன்றை மாட்டிவிடுவது இன்னும் சுலபம்.

பேஸ்மென்றில் வாடகைக்கு ஆள் இருந்தால் அவர்கள் இடத்தை ஸ்ரேஜிங் செய்யச் சொல்ல உங்களுக்கு உரிமை இல்லை. வாங்க வருபவருக்குக் காட்ட 24 மணி நேரத்துக்கு முன் எழுத்தில் அறிவித்து, காலை 8க்கும் இரவு 8க்கும் இடையில்தான் உள்ளே போகலாம். சுத்தம் செய்பவரை உங்கள் செலவில் அனுப்பி, அந்த வார வாடகையில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் கதவு தானாகத் திறக்கும்.

வெளியே செய்யக்கூடியது மார்ச்சில் மிகக் குறைவு. புல் மஞ்சளாகத்தான் இருக்கும். சேற்று ஈரத்தில் வாரினால் புல் வேரோடு வரும். விதை போட்டால் குளிர்ந்த மண்ணில் முளைக்காது. கென்டக்கி புளூகிராஸ் நல்ல சூட்டிலேயே இரண்டு முதல் நாலு வாரம் எடுக்கும், ரைகிராஸ் ஒரு வாரத்தில் வரும். கார்ப்பாதைக்குத் தார் பூசவும் 10 பாகைக்கு மேல் வெப்பமும் உலர்ந்த நாளும் வேண்டும். அதனால் செடிப் படுக்கையின் ஓரத்தை மண்வெட்டியால் நேராக வெட்டி, கடும் பழுப்பு மல்ச் (மரச்சீவல்) மூன்று அங்குலம் பரப்புவது ஒன்றே மார்ச் கடைசியில் கண்ணுக்குத் தெரிகிற மாற்றம். இரண்டு கன அடிப் பை ஒன்று எட்டுச் சதுர அடி மூடும். சிவப்புச் சாயமிட்டதை வாங்க வேண்டாம். வாசலில் இரண்டு சாடி பேன்சி, அது இலேசான உறைபனியைத் தாங்கும். மே மாதம் வரும் விக்ரோரியா நாளுக்கு முன் வேறு பூச்செடி வாங்குவது காசை மண்ணில் போடுவது. போன ஜூனில் எடுத்த முற்றத்துப் படம் கையில் இருந்தால், எடுத்த மாதத்தைக் குறிப்பிட்டு அதையும் விளம்பரத்தில் சேர்க்கலாம்.

நாள் கணக்கு: வழக்கமாக வீடு வாரத்தின் நடுவில் சந்தைக்கு வரும், சனி ஞாயிறு ஓப்பன் ஹவுஸ், அடுத்த வாரத் தொடக்கத்தில் விலைக் கேள்வி. படம் எடுக்கும் நாள், வீடு சந்தைக்கு வருவதற்கு ஐந்தாறு நாள் முன். அங்கிருந்து பின்னோக்கி எண்ணினால் ஆறு வாரம் வேண்டும். முதல் இரண்டு வாரம் பொதி கட்டவும் சேமிப்பறைக்கு அனுப்பவும், மூன்றாவது திருத்த வேலை, நாலாவது பெயின்ற், ஐந்தாவது கம்பளமும் யன்னலும், கடைசி வாரம் தளபாடம். பெயின்ற் அடிக்கமுன் தளபாடம் வந்துவிட்டால் எல்லாமே பிசகும்.

விலை பேசி முடிந்த அன்றே தளபாடத்தைத் திருப்பி அனுப்ப வேண்டாம். வைப்புப் பணம் வர வழக்கமாக 24 மணி நேரம் இருக்கிறது, பரிசோதனை அல்லது கடன் நிபந்தனை போட்டிருந்தால் அது நீங்கும் வரை விற்பனை உறுதியில்லை. நிபந்தனை நீங்கியதற்குக் கையெழுத்து வந்தபின் லொறியைக் கூப்பிடுங்கள். அவர்கள் போனதும் சுவர்களை ஒருமுறை சுற்றிப் பார்த்து, ஒப்பந்தத்தில் சொன்னபடி ஓட்டைகள் அடைக்கப்பட்டிருக்கின்றனவா என்று படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வாங்கியவர் சாவி எடுப்பதற்கு முன் ஒன்றிரண்டு தடவை வந்து பார்க்க உரிமை வைத்திருப்பார், அப்போது சோபா இருந்த இடத்துச் சுவரைத்தான் முதலில் பார்ப்பார்.